மூச்சு வாங்குகிறவன்

கல்யாணமாகி டெல்லிக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு கரோல் பாகிலிருந்து கிளம்பினேன். ராஷ்டிரபதி பவனை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எழுபதுகளின் தொடக்கம் அது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் குமாஸ்தா. எங்களைப் போன்றவர்களுக்கு சைக்கிள்தான் வாகனம். மனைவியைப் பின்னால், குழந்தையை முன்னால், காய்கறிப் பையைக் கைப்பிடியில் என்று மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மிதிக்கிற ஆண்களை அந்த ஊரில் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

சங்கர் ரோடு, ரிட்ஜ் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் மேடாக ஏறும். அலுவலகம் போகும்போது தினமும் அங்கே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன். அன்று அப்படி இறங்க மனம் வரவில்லை. பின்னால் புது மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். பாதி மேட்டில் நெஞ்சுக்குள் ஏதோ தாறுமாறாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கால்கள் துணி மாதிரி ஆகிவிட்டன. பிரேக்கைப் பிடித்தேன். அவள் சட்டென்று குதித்து இறங்கினாள்.

"என்னங்க, செயின் கழண்டுட்டா?"

"ஆமா" என்றேன்.

குனிந்து செயினைத் தடவிக்கொண்டு நின்றேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் அவளுடைய அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவளுக்குச் செயினைப் பற்றித் தெரியாதா?  நான் மூச்சு வாங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க கை விடுங்க, நான் தள்ளிட்டு வாரேன்" என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். பட்டுப் புடவை, தலையில் கனகாம்பரத்துக்குப் பதில் ஏதோ டெல்லிப் பூ. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏற, நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போன ஒரு சர்தார்ஜி, திரும்பிப் பார்த்து "ஷாபாஷ், பாபி!" என்று கத்தினார். பாபி என்றால் அண்ணி; பாராட்டு அவளுக்குத்தான். எனக்குக் காது மடல் வரை எரிந்தது.

எனக்கு இது புதிதில்லை. சிறு வயதிலிருந்தே எனக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது: சோம்பேறி. கடைக்கு அனுப்பினால் நேரம் கழித்து வருகிறவன், கபடியில் முதல் ஆளாக வெளியே போய் உட்காருகிறவன், மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் பாதியில் நடக்கிறவன். உடற்பயிற்சி ஆசிரியர் என்னை வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தார். அப்பா பிரம்பை எடுத்துப் பார்த்தார். வைத்தியர் இரும்பு டானிக் கொடுத்துப் பார்த்தார். நான் சோம்பேறி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. அடுத்தவன் மூச்சு அவனுக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லோருக்கும் இப்படித்தான் நெஞ்சு அடைக்கும், எல்லோருக்கும் கண் இருட்டும், அவர்கள் பொறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், எனக்கு மட்டும் பொறுக்கிற குணம் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

அதனால் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன். படி ஏறும்போது நடுவில் நின்று சட்டைப் பையில் எதையோ தேடுவேன். நண்பர்களோடு நடக்கும்போது கடை ஜன்னலில் இல்லாத பொருளை எல்லாம் ரசிப்பேன். அலுவலகத்தில் யாரும் இதற்கெல்லாம் ஏமாறவில்லை. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் கோப்போடு கடைசியாக மேலே வந்து சேர்கிறவனுக்குக் 'கச்சுவா' என்று பெயர் வைத்தார்கள். ஆமை. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வீட்டில் சிரிக்க முடியவில்லை. கரோல் பாகில் நாங்கள் குடியிருந்தது ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் வீட்டு மொட்டை மாடியில், ஒற்றை அறை. பர்சாத்தி என்பார்கள். கோடை வந்தால் குழாய்த் தண்ணீர் மேலே ஏறாது. கீழேயிருந்து வாளியில் தூக்க வேண்டும். முதலில் நான்தான் தூக்கினேன். பிறகு அரை வாளியாகத் தூக்கினேன். பிறகு ஒருநாள் நான் எழுவதற்குள் அண்டா நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. சக்கி என்கிற மாவு மில்லில் கோதுமை அரைத்துக்கொண்டு வரும் நாளில் மாவு மூட்டை அவள் இடுப்பில் இருக்கும், நான் குடையைப் பிடித்துக்கொண்டு வருவேன். வீட்டுக்கார அம்மாள் ஒருமுறை வாசலில் நின்றுகொண்டு, "அரே பாபுஜி, மருமகளைக் கூலிக்காரி ஆக்கிட்டீங்களே!" என்று இந்தியில் கேட்டாள். கேலியாகத்தான். என் மனைவி அரைகுறை இந்தியில், "இவருக்கு இடுப்புப் பிடிப்பு, மாதாஜி" என்றாள். அந்த இடுப்புப் பிடிப்பு அதன் பிறகு பல வருஷம் எனக்கு இருந்தது.

மகள் பிறந்தாள். நடக்க ஆரம்பித்து, தூக்கச் சொல்லும் வயதுக்கு வந்தாள். ஒரு தசராவின்போது ராவணனை எரிப்பதைப் பார்க்கக் கூட்டத்தில் நின்றோம். எங்களைச் சுற்றி எல்லாக் குழந்தைகளும் அப்பாவின் தோளில். அவளும் என் பேண்டைப் பிடித்து இழுத்தாள். தூக்கித் தோளில் வைத்தேன். கொஞ்ச நேரம் தாங்கினேன். பிறகு இறக்கிவிட்டேன். அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நேராக அம்மாவிடம் போய்க் கையைத் தூக்கினாள். அவ்வளவு சின்ன வயதிலேயே யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ராவணன் எரிந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை.

எனக்கு முப்பது தாண்டிய ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து, அரசு டிஸ்பென்சரிக்குப் போனேன். வழக்கமாக இருக்கும் வயதான டாக்டர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் இளம் பெண் டாக்டர் ஒருவர். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். "மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?" என்று இந்தியில் கேட்டார்.

"கொஞ்சம் சோம்பேறித்தனம் உண்டு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மரப்படியில் என்னை ஏறி இறங்கச் சொன்னார்கள். இரண்டே படி உள்ள பெட்டி. ஏற வேண்டும், அந்தப் பக்கம் இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். "முடியாவிட்டால் சொல்லுங்கள், நிறுத்திவிடலாம்" என்றார் டாக்டர். சுற்றி மாணவர்கள் நின்றிருந்தார்கள். கதவோரம் என் மனைவி. நான் சொல்லவில்லை. உதடு மரத்துப்போனது, படி இரண்டிரண்டாகத் தெரிந்தது, அப்போதும் சொல்லவில்லை. ஒரு மாணவர்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். டாக்டர் கோபித்துக்கொண்டார். "போதும் என்று சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?" என்றார். அந்த வாய் எனக்கு இருந்ததே இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை, பிறவியிலிருந்தே இருக்கிறது என்றார்கள். போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாகத் திரும்பி நுரையீரலுக்கே சுற்றிக்கொண்டிருக்கிறதாம். நான் நின்றுகொண்டிருக்கும்போதே என் இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மாணவர் விளக்கினார்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்ததும் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றிக்கொண்டே, மனதுக்குள் அப்பாவுக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டை, சார். ஓட்டை, அப்பா. அப்பா அதற்குள் காலமாகியிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு நிறைய ரத்தம் வேண்டும் என்றார்கள். என் பிரிவில் இருந்தவர்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு, நான் பேசாமல் இருந்தேன். மனைவி நேராக அலுவலகத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். கச்சுவா என்று கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் என் கட்டிலுக்கு அருகில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எங்கே மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. "அப் தோ கோடா பன் ஜாவோகே" என்றார். இனி நீ குதிரையாகிவிடுவாய்.

நானும் அதை நம்பினேன். ஓட்டையை அடைத்துவிட்டார்கள், தையல் ஆறியது, திரும்ப அலுவலகம் போனேன். எல்லோரும் என்னைக் குதிரை என்றே கூப்பிட்டார்கள். லிஃப்ட் நின்றுபோன ஒரு நாள், "வா, வா, இப்போது உனக்கென்ன!" என்று சேர்ந்து ஏறினார்கள். அவர்கள் வேகத்துக்கு ஏறினேன். முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் ஏற முடிந்தது. ஆனால் கொஞ்சம்தான். அதற்கு மேல் அதே அடைப்பு, அதே இருட்டு. நடுப்படியில் நின்றுவிட்டேன். அவர்களும் நின்றார்கள்.  ஒருவர், மெதுவாக, பக்கத்தில் இருந்தவரிடம், "பழக்கதோஷம்" என்ற பொருளில் இந்தியில் ஏதோ சொன்னார்.

அந்த ஒரு வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே அதிகம் வெட்கப்பட்ட வருஷம். முன்பாவது காரணம் தெரியாமல் இருந்தது. இப்போது காரணத்தையும் ஊரறிய எடுத்தாயிற்று. என் உடம்பில் இவர்களுடைய ரத்தம் வேறு ஓடுகிறது. இனி நான் நின்றால், நிற்பது நான்தானே? மாடியில் தண்ணீர் அண்டா மறுபடி என் பொறுப்பு என்று நானாக அறிவித்தேன். இரண்டு நாள் தூக்கினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் படியில் வாளிச் சத்தம் கேட்டது. போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டேன்.

பரிசோதனைக்குத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது மரப்பெட்டி போய், ஓடுகிற பட்டை இயந்திரம் வந்திருந்தது. மார்பில் கம்பிகளை ஒட்டி அதன் மேல் நடக்கவிட்டார்கள். பட்டை வேகம் பிடித்தது, முன்பக்கம் மேடாக உயர்ந்தது. இந்த முறை போதும் என்று நானே சொன்னேன். அதுவும் ரொம்பச் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன். டாக்டர் காகிதச் சுருளை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"டாக்டர் சாப், யே ஆல்சி தோ நஹி ஹைன் நா?"

இவர் சோம்பேறி இல்லையே?

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்த உதவியாளரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தூக்கினாள், மாவு தூக்கினாள், மகளைத் தூக்கினாள், இடுப்புப் பிடிப்பு என்று பொய்யும் சொன்னாள். உலகத்தில் ஒரே ஒருத்தியாவது அந்த வார்த்தையை என்னைப் பற்றி நினைத்திருக்க மாட்டாள் என்று நான் நம்பியிருந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நஹி, பெஹன்ஜி" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். ஓட்டையைச் சின்ன வயதிலேயே அடைத்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் அதிகப்படி ரத்தத்தைச் சுமந்து, இதயத்தின் வலது பக்கம் பெருத்துவிட்டது. அடைத்ததால் இனி மோசமாகாது. ஆனால் இவரால் எவ்வளவு முடியும் என்றால், ஏறக்குறைய இவ்வளவுதான். தினமும் சமதளத்தில் நடக்கலாம், நடக்க வேண்டும், மெல்ல மெல்லக் கொஞ்சம் கூடும். மாடியும் பாரமும் வேண்டாம். "இந்த இதயத்தை வைத்துக்கொண்டு இவர் இவ்வளவு நாள் சைக்கிள் மிதித்திருக்கிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். 

"கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"பரவாயில்ல."

"மனசுல ஒரு மூலையில கெடந்துச்சுங்க. தண்ணி தூக்குத நேரத்துல மட்டும் வரும். அப்புறம் போயிரும். இன்னைக்குக் கேட்டுட்டா ஒரேயடியா போயிரும்னு நெனைச்சேன்."

"போயிருச்சா?"

"போயிட்டு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஏன் ஒரு நாள் கூட எங்கிட்ட முடியலைன்னு சொல்லல? செயின் கழண்டுட்டுன்னுதானே சொன்னீங்க."



பர்சாத்தியை விட்டுக் கீழ்த்தளத்து வாடகை அறை ஒன்றுக்கு மாறினோம். சில வருஷங்களுக்குப் பிறகு, எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய வீட்டு வசதி சங்கம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தோம். யமுனைக்கு அந்தப் பக்கம், மயூர் விஹாரில், நான்கு அடுக்கு வீடுகள். லிஃப்ட் கிடையாது. குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது மூன்றாம் மாடி.

பொதுக்குழுவில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றாள் மனைவி. நீயே சொல்லிவிடு என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "இத்தனை வருஷமா உங்களுக்குப் பதிலா எல்லாத்தையும் நான்தான் தூக்குனேன். இந்த ஒரு வார்த்தையையாவது நீங்க தூக்குங்க."

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், கரோல் பாக் காலத்து அக்கம்பக்கத்தார் எல்லோரும் இருந்தார்கள். எழுந்து நின்றேன். எனக்குத் தரைத்தளம் வேண்டும் என்றேன்.

சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. "சார், குலுக்கல்னா குலுக்கல்தான். ஆளாளுக்கு வந்து கேட்டா நான் எங்க போறது? அறுபது வயசுக்காரங்களே மேல் வீட்டை எடுத்துக்கிட்டுப் பேசாம இருக்காங்க."

"என்னால மாடி ஏற முடியாது" என்றேன்.

ஹாலில் எங்கோ யாரோ சிரித்தார்கள். "பார்த்தா நல்லா கிண்ணுன்னுதானே இருக்கீங்க?" என்று ஒரு குரல். என்னைக் கேலி செய்ததாகக்கூட இருக்காது. ஆனால் எனக்குள் ஏதோ அறுந்தது. நெஞ்சில் இருக்கும் தழும்பைக் காட்டினாலொழிய இவர்கள் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். இரண்டு பொத்தான் கழற்றிவிட்டேன்.  பெண்கள் பக்கத்தில் பேச்சு சட்டென்று நின்றது.

"என்னங்க, வேண்டாம்" என்றாள் மனைவி, தன் இடத்திலிருந்தே. "வாயால சொல்லுங்க, போதும்."

திறந்த சட்டையோடு நின்று சொன்னேன். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அடைத்திருக்கிறார்கள். அடைத்த பிறகும் இவ்வளவுதான் முடியும். மாடி ஏறினால் மூச்சு நின்றுவிடும் போல ஆகும்.  இத்தனை பேர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்பது ஒன்றே நினைப்பாக இருந்தது.

இரண்டு வரிசை தள்ளி ஒரு அம்மாள் எழுந்தார். நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பஸ் எண்ணை விசாரிக்கிற தொனியில் கேட்டார்.

"மேலறையா கீழறையா சார், ஓட்டை?"

"மேல்."

"எப்ப அடைச்சாங்க?"

"முப்பது தாண்டி."

"லேட்டுதான்" என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, "எங்களுக்குக் கீழ்வீடு விழுந்திருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு அது பிடிக்கல, வெயிலே வராதுன்னு ஒரே புலம்பல். நாங்க மாத்திக்கிடுதோம்" என்றார். பக்கத்திலிருந்த அவர் கணவர், பள்ளி ஆசிரியர், அவசரமாகத் தலையாட்டினார். தலைவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். பொத்தானைப் போட மறந்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று பேர் வந்து, யாருக்கோ துக்கம் கேட்பது போல என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வெளியே வந்ததும் தலை நிமிர்ந்து நடந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், ஆட்டோ கிடைக்கும் வரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

புது வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில்தான் அந்த ஆசிரியரின் புலம்பலுக்கு அர்த்தம் புரிந்தது. கீழ்வீட்டுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுவர் பகலெல்லாம் ஜில்லென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாக் குடும்பமும் பாயும் நிலக்கடலையுமாக மொட்டை மாடிக்குப் போய்விடும். என் மனைவி போகவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னோடு கீழேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று வாரம் அப்படியே போயிற்று.

"நீ மேலே போ" என்றேன். "என்னால முடியாது. அதுக்காக நீ ஏன் குளிர்ல உக்காந்திருக்கணும்?"

 அவள் சால்வையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மேலே போனாள். மேலேயிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. அதில் அவள் சிரிப்பை என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது. அவள் அப்படி உரக்கச் சிரித்து நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை. எனக்கு ஏக்கமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும். வாசலுக்கு வந்து, எதிர் வீட்டுச் சுவரோரம் விழுந்திருந்த ஒரு துண்டு வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்தினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு அவள் இறங்கி வந்தாள். உரித்த ஆரஞ்சுச் சுளைகளை என் கையில் வைத்தாள். பழம் வெதுவெதுப்பாக இருந்தது, அவள் கையும்.